வாலுக்குக் கீழே

1991-இல் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த இடத்தை வாடகைக்குப் பிடித்து, 'கால்நடை மருத்துவர்' என்று போர்டு மாட்டினேன். முதலில் வந்தது மடிவீக்கத்தோடு ஓர் எருமை. அடுத்தது, தெருவில் சுவரொட்டி தின்று வயிறு உப்பிய பசு. மூன்றாவதாக, மூங்கில் கூடையைப் பழைய வேட்டியால் மூடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் சாம்பல் நிறப் பெட்டைப் பூனை ஒன்றைத் தூக்கி வந்தார்.

"ரெண்டு நாளா பீரோ மேலயே உக்காந்திருக்கு டாக்டர். சாப்பாட்டுக்கும் எறங்கல. இடுப்புகிட்ட தொட்டா சீறுது."

காது மடலைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. காய்ச்சல் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினேன். மறுநாளும் வந்தார், மறுநாளும் ஊசி. மூன்றாம் நாள் நான் கதவைத் திறக்க வருவதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் ரத்தமும் சீழும் தோய்ந்த தலையணை உறை. "யாரோ பாவி பின்னாடி கம்பியால குத்திட்டான்" என்று அழுதார்.

வாலைத் தூக்கினேன். ஆசனவாய்க்கு இடப்பக்கம், கடிகாரத்தில் எட்டு மணி இருக்கும் இடத்தில், பட்டாணி நுழையும் அளவுக்கு ஓட்டை. யாரும் குத்தவில்லை. உள்ளே இருந்த சுரப்பிப் பை அடைத்து, பழுத்து, தோலைக் கிழித்துக்கொண்டு தானே உடைந்திருந்தது.

எனக்கு உதவியாக இருந்தவர் அரசுக் கால்நடை மருந்தகத்தில் இருந்து ஓய்வுபெற்ற கம்பவுண்டர். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். அந்த அம்மாவை அனுப்பிய பிறகு, "தெர்மாமீட்டர் வெச்சீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். பூனைக்குத் தெர்மாமீட்டரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சீறியது, வைக்கவில்லை. வைத்திருந்தால் வாலைத் தூக்கியிருப்பேன். தூக்கியிருந்தால் முதல் நாளே வீக்கம் கண்ணில் பட்டிருக்கும். காதுச் சூட்டை நம்பி இரண்டு நாள் ஊசி போட்டதற்கு அந்த அம்மாவிடம் வாங்கிய இருபது ரூபாய் இன்றைக்கும் உறுத்துகிறது.

நான் படித்தது வேப்பேரியில். 1988-இல் வெளியே வந்தபோது என் தலையில் தங்கியிருந்தது மாடு, எருமை, ஆடு, கோழி. பூனையைச் சின்ன நாய் என்றே நினைத்து வைத்திருந்தேன். இந்தச் சுரப்பி விஷயத்தில் அந்த நினைப்பு மிகவும் கெடுதல் செய்யும்.

நாய்க்கு இந்தப் பை அடைத்தால் ஊருக்கே தெரியும். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு கூடம் முழுக்கத் தேர் ஓட்டும். பூனை அப்படிக் காட்டிக்கொடுப்பது குறைவு. அது நக்கும். பூனை நக்குவதை யார் நோய் என்று நினைப்பார்கள்? "எங்க பூனை ரொம்ப சுத்தம் சார், எப்பப் பார்த்தாலும் கழுவிக்கிட்டே இருக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். பூனையை மல்லாத்தினால் அடிவயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் வால் அடியிலும் முடியே இருக்காது, சவரம் செய்த மாதிரி மழமழவென்று. மேலே பார்த்தால் தோல் நோய். களிம்பு கொடுத்து அனுப்பினால் அந்தக் களிம்பையும் சேர்த்து நக்கிவிட்டு மறு வாரம் வரும்.

இன்னொரு அடையாளம், மணல் தட்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் மலம் கழிப்பது. தட்டில் உட்காரும்போது வலிக்கிறது. வலிக்குக் காரணம் தட்டுதான் என்று பூனை முடிவு கட்டிவிடுகிறது. பிறகு கட்டிலுக்கு அடியில், செருப்பு ராக்கில், ஒருமுறை புது மாப்பிள்ளையின் சூட்கேஸில். அந்த வீட்டில் பூனைக்கு மருமகனைப் பிடிக்கவில்லை என்று இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு தடித்துப் போய்விட்டது. வாலைத் தூக்கி இரண்டு பையையும் காலி செய்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் பூனை தட்டுக்குத் திரும்பியது. மாமனாரும் மருமகனும் திரும்பினார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

நோய் இல்லாத பூனையில் இந்தப் பைகள் இருப்பதே தெரியாது. ஆசனவாயின் இரண்டு பக்கமும், நாலு மணிக்கும் எட்டு மணிக்கும், உள் தசைக்கும் வெளித் தசைக்கும் நடுவில் பட்டாணியை விடச் சின்னதாக உட்கார்ந்திருக்கும். மலம் வெளியேறும் அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். அந்த வாசனைதான் பூனைக்கு முகவரி. பூனைகள் ஒன்றையொன்று சந்தித்தால் பின்பக்கத்தை முகர்வது இதற்காகத்தான். மருந்துக் கடைக்காரர் நம்மிடம் பெயர் கேட்பது போல.

பூனை பயந்தால் மொத்தமும் ஒரே பீச்சில் வெளியே வரும். அந்த வாடையைக் கருவாட்டோடு ஒப்பிட்டால் கருவாட்டுக்கு அவமானம். அழுகிய மீனும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்த கவிச்சி அது. 1990-களில் ஒரு மழைநாள், தடுப்பூசிக்கு வந்த குட்டி ஒன்று என் சட்டைமேல் பீச்சிவிட்டது. துடைத்துவிட்டுப் பல்லவன் பேருந்தில் ஏறினேன். அண்ணா சாலை வருவதற்குள் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, பக்கத்து இருக்கையும் காலி. வீட்டில் என் மனைவி கொடியில் கிடந்த துண்டை வாசலிலேயே நீட்டினாள், பேசவில்லை. இப்படி மேசைமேல் பீச்சும் பூனைக்குப் பையில் கோளாறு இல்லை என்பதுதான் பொருள். வழி திறந்திருக்கிறது என்று நான் மகிழ்ச்சியடையக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்காரர்கள்தான் மன்னிப்புக் கேட்டபடி இருப்பார்கள்.

அவர்களுடைய வெட்கம் தனிக்கதை. கண், காது, பல் என்றால் நேராகச் சொல்வார்கள். இதைச் சொல்ல வரும்போது குரல் இறங்கிவிடும். "சார், அந்த இடத்துல..." என்பார்கள். ஒரு பெரியவர் முழுக் கதையையும் 'பின்வாசல்' என்ற சொல்லை வைத்தே சொல்லி முடித்தார். ஒரு கல்லூரிப் பெண் தாளில் படம் வரைந்து நீட்டினாள், சரியாக நாலு மணி இடத்தில் புள்ளி வைத்து. இந்த வெட்கத்தால் நாலைந்து நாள் வீணாகிறது. அந்த நாலைந்து நாளில்தான் வெறும் அடைப்பு சீழ்க்கட்டியாக மாறுகிறது.

பூனை அபூர்வமாகத் தரையில் தேய்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது நாடாப்புழுவை. வால் அடி முடியில் வெள்ளரி விதை போல, காய்ந்தால் சோற்றுப் பருக்கை போல, ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள் புழுவின் உடல் கண்ணிகள். தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. புழு மருந்து மட்டும் கொடுத்து தெள்ளைக் கவனிக்காமல் விட்டால் மறுபடி வரும். "அரிசி ஒட்டியிருக்கு, சோறு மேல உக்காந்திருக்கும்" என்று ஒரு பாட்டி அதை விரலால் எடுத்துக் காட்டினார். நான் கை கழுவச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார்.

இப்படியெல்லாம் வாலுக்கடியில் தேர்ந்துவிட்டேன் என்ற நினைப்பு வந்த காலத்தில்தான் அடுத்த அடி விழுந்தது. 2003, ஞாயிற்றுக்கிழமை மாலை. அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். சுல்தான் என்ற அவருடைய செம்பழுப்புக் கடுவன், இரண்டு வருடத்துக்கு முன்பு பை அடைத்து என்னிடம் வந்த பூனைதான். "காலையில இருந்து முக்கிக்கிட்டே இருக்கு டாக்டர். கீழேயே நக்குது. வெளிக்கி வரலை போல." பழைய கோளாறுதான், காலையில் கொண்டு வாருங்கள் என்றேன்.

காலையில் கொண்டு வந்தார். சுல்தான் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது, உடம்பு சில்லிட்டிருந்தது. அடிவயிற்றில் கை வைத்தேன். மூத்திரப்பை சாத்துக்குடி அளவில் கல் மாதிரி இருந்தது. அடைத்திருந்தது சுரப்பி இல்லை, மூத்திரக் குழாய். கடுவனுக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். குழாய் விட்டு எடுத்தேன், நரம்பில் திரவம் ஏற்றினேன். பதினோரு மணிக்குப் போய்விட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.

அன்றிலிருந்து முக்குகிறது, நக்குகிறது என்று யார் சொன்னாலும் என் முதல் கேள்வி, "மூத்திரம் போச்சா? ஈரத்தைக் கண்ணால பார்த்தீங்களா?" பார்க்கவில்லை என்றால் இரவு பன்னிரண்டு மணியானாலும் வரச் சொல்வேன். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பையைக் காலி செய்யும் வேலை கேட்பதற்கு எளிது. அதை எனக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தவர் அந்தக் கம்பவுண்டர்தான். அவரிடம் இருந்த வித்தை பிடிமானம். பூனையின் கழுத்துத் தோலைக் கொத்தாகப் பிடிப்பது அவருக்குப் பிடிக்காது. தடித்த பருத்தித் துண்டை மேசைமேல் விரித்து, பூனையை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இழுத்து இறுக்கி, தலையை அவர் கக்கத்தில் செருகிக்கொள்வார். இருட்டானதும் பூனை அடங்கிவிடும். பின்பக்கம் மட்டும் என் பக்கம் இருக்கும்.

நாய்க்கு விரலை உள்ளே விட்டுப் பையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிப்பது வழக்கம். பூனையின் ஆசனவாய் சின்னது. பையின் துளையும் நாயைப் போல விளிம்பில் இல்லை, கொஞ்சம் தள்ளி வெளித்தோலில், சின்ன மேடு போன்ற இடத்தில் திறக்கிறது. அதனால் பெரும்பாலும் வெளியிலிருந்தே, ஈரப்பஞ்சை வைத்துக் கீழிருந்து மேலாக மெல்ல அழுத்தினால் போதும். வரும் சரக்கு ஒவ்வொரு பூனைக்கும் ஒவ்வொரு நிறம். வெள்ளை, மஞ்சள், பழுப்பு, சில சமயம் சாம்பல். பூனையின் பைச்சுவரில் எண்ணெய்ச் சுரப்பிகளும் இருப்பதால் நாயுடையதை விடப் பிசுபிசுப்பு அதிகம். நிறத்தை வைத்து மட்டும் நோய் என்று சொல்லிவிட முடியாது. ரத்தமோ சீழோ கலந்திருந்தால், தொட்டதும் பூனை அலறினால், அது வேறு.

இரண்டு முறை அழுத்தியும் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இளம் வயதில் நான் நிறுத்தியதில்லை. பலத்தைக் கூட்டுவேன். அப்படி ஒருமுறை உள்ளேயே பை கிழிந்து, சாதாரண அடைப்பை நானே கட்டியாக்கினேன். பிற்பாடு மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயைத் துளைக்குள் செலுத்தி, உப்புநீரால் கரைத்து எடுக்கப் பழகினேன். அப்போது கையில் இருந்த மயக்கம் கெட்டமினும் சைலசினும். சைலசின் ஏறியதும் பூனை வாந்தியெடுக்கும். முந்தின நாள் தின்ற கானாங்கெளுத்தி மேசைமேல் வந்து விழும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கவிச்சி.

பழுத்த கட்டி என்றால் கீறிச் சீழை இறக்கி, நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவி, தையல் போடாமல் திறந்தே விட வேண்டும். அடியிலிருந்து ஆறி வர வேண்டும். மேலே மூடிவிட்டால் உள்ளே மறுபடி பழுக்கும். ஆன்டிபயாட்டிக், வலி மருந்து, தினம் இரண்டு வேளை வெந்நீர் ஒத்தடம், கழுத்தில் புனல். அந்தப் புனலை அப்போது நாங்களே செய்தோம். எக்ஸ்ரே மையத்தில் கழித்துப் போட்ட பிலிமை வாங்கி, அரைவட்டமாக வெட்டி, விளிம்பில் பிளாஸ்திரி ஒட்டி. யாருடைய நெஞ்செலும்போ தெரிய, அந்தப் புனலுக்குள்ளிருந்து பூனை முறைக்கும்.

காயத்தைவிட வீட்டு வைத்தியம் என்னை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. டெட்டால் ஊற்றிக் கழுவிவிட்டு வருவார்கள். பூனை அதை நக்கி வாயெல்லாம் புண்ணாகி, வந்த நோயை மறந்து புது நோய்க்குப் பார்க்க வேண்டியிருக்கும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஆனால் பாராசிட்டமால் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் கை நடுங்கும். பிள்ளைக்குக் கொடுப்பதுதானே என்று அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்த ஒரு வீட்டில், மறுநாள் பூனையின் ஈறு சேற்று நிறமாகி, முகம் வீங்கி, மூச்சு இரைத்தது. பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தைக் கழிக்கும் திறன் மிகக் குறைவு, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டைனை மனிதர்களுக்கான மருந்துக் கடைகளில் தேடி, மூன்றாவது கடையில் கிடைத்தது. பிழைத்தது. அரை மாத்திரை பூனையைக் கொல்லும் என்று சுவரில் எழுதி ஒட்டினேன், இன்னும் இருக்கிறது, தாள் மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது.

2010-க்குப் பிறகு என் மேசைக்கு வரும் பூனை மாறியது. அதுவரை ஓட்டுவீட்டு மேல் ஓடிய நாட்டுப் பூனை, மீன் தலையும் சோறும் தின்று, எலி பிடித்து, ஓடியாடி, கெட்டியாக மலம் போட்டது. இப்போது மூன்றாவது மாடி அடுக்ககத்தில், ஏசி அறையில், கிண்ணத்தில் எந்நேரமும் உலர்தீனி நிரம்பியிருக்க, ஏழு கிலோ பாரசீகப் பூனை. தண்ணீர் குடிப்பது குறைவு, நடப்பது அதைவிடக் குறைவு. கொழுத்த பூனைக்குப் பின்பக்கத்தை நக்க உடம்பு வளையாது. நீள முடி சிக்காகி, மலம் ஒட்டி, துளையை மூடிவிடும். முடியை ஒட்ட வெட்டிவிட்டாலே சிலவற்றுக்குப் பாதிக் குணம். மலம் இளகிப் போகிற பூனைகளுக்கு வேகவைத்த பரங்கிக்காயை ஒரு கரண்டி, ஈரத் தீனியில் பிசைந்து கொடுக்கச் சொல்வேன். எடையைக் குறைக்கச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். "அது பாவம் சார், கேக்குது" என்பார்கள். பூனையைப் பார்த்தால் யார் யாரை வளர்க்கிறார்கள் என்று தெரியாது.

முன்பு தெரியாமையால் வந்தார்கள். இப்போது அதிகம் தெரிந்ததால் வருகிறார்கள். குளிப்பாட்டி முடி வெட்டும் கடை ஒன்றில் மாதா மாதம் நகம், காது, சுரப்பி என்று ஒரே தொகைக்குச் சேர்த்துச் செய்வதாகச் சொல்லி, எந்தக் கோளாறும் இல்லாத பூனைக்கு ஆறு மாதம் பிதுக்கியிருக்கிறார்கள். ஏழாவது மாதம் பை வீங்கி, சுவர் தடித்து, உண்மையான நோயாளியாக என்னிடம் வந்தது. தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்த ஒன்றை மெனக்கெட்டுக் கெடுத்திருந்தார்கள். அவ்வப்போது அடைக்கும் பூனைக்குத்தான் காலி செய்ய வேண்டும், அதுவும் அடைத்தபோது. எனக்கு வரும்படி குறையும் பேச்சு இது. சக மருத்துவர்கள் சிலருக்கும் என்மேல் வருத்தம் உண்டு.

கட்டியெல்லாம் சீழாக இருந்துவிடுவதில்லை. பதினான்கு வயது நாட்டுப் பூனை ஒன்று, ஒருபக்கம் மட்டும் வீக்கம், தொட்டால் வலியில்லை, கொட்டைப்பாக்கு மாதிரிக் கடினம். ஊசியால் எடுத்து அனுப்பியதில் புற்று என்று வந்தது. பூனைக்கு அது அபூர்வம், வந்தால் பொல்லாதது. வயதான பூனையில் வலியில்லாத கடின வீக்கத்தை நான் இப்போதெல்லாம் கீறுவதில்லை, முதலில் ஊசிதான்.

பையையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சையை இத்தனை ஆண்டில் பூனைகளுக்கு ஒரு கை விரலுக்கு மேல் செய்ததில்லை. பயம்தான். பையைச் சுற்றி இருப்பது மலத்தைப் பிடித்து வைக்கும் தசை. பக்கத்திலேயே அதற்கான நரம்பு. கத்தி அரை அங்குலம் தடம் மாறினால் பூனை ஆயுள் முழுக்க ஒழுகும். அப்படி ஒழுகும் பூனையை எத்தனை வீட்டில் கட்டிலில் படுக்க விடுவார்கள்?

கடைசியாகச் செய்தது 2019-இல், பஞ்சு என்ற வெள்ளைப் பாரசீகப் பூனைக்கு. ஒன்பது மாதத்தில் நாலு முறை அடைத்து, இரண்டு முறை உடைந்தது. இரு பக்கமும். எடை குறைத்து, தீனி மாற்றி, களிம்பு நிரப்பி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்காரர் வங்கியில் காசாளர், தனியாக இருப்பவர், மூன்று பக்கத்துக்குக் கேள்வி எழுதிக் கொண்டு வந்தார். ஒழுகும் அபாயத்தை ஒளிக்காமல் சொன்னேன். புண் முழுக்க ஆறும்வரை ஒரு மாதம் காத்திருந்தோம். சீழ் இருக்கும்போது கத்தி வைத்தால் எது பை, எது தசை என்றே தெரியாது. அறுவை சிகிச்சை அன்று காலை இறுகும் பசையைத் துளை வழியாகச் செலுத்திப் பையைக் கெட்டியாக்கிக்கொண்டேன், விரலுக்குப் புலப்பட வேண்டும் என்று. ஒட்டியபடியே சுற்றி விடுவித்து, முழுசாக எடுத்தேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதுகு விண்ணென்று வலித்தது.

முதல் இரண்டு நாள் பஞ்சு படுத்த இடத்திலெல்லாம் கறை. மூன்றாம் நாள் தூக்கத்தில் ஒரு துண்டு விழுந்தது, பூனைக்குத் தெரியவே இல்லை. காசாளர் தொலைபேசியில் அதைச் சொன்னபோது அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வீக்கம் வடியட்டும், ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். எனக்கே நம்பிக்கை போதவில்லை. கம்பவுண்டர் இருந்திருந்தால் எதையாவது சுருக்கமாகக் கேட்டிருப்பார். அவர் காலமாகி அப்போது எட்டு வருடம்.

ஏழாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நீல நிறத் தட்டு, சாம்பல் மணல், நடுவில் கெட்டியாக இரண்டு துண்டு, பாதி மூடி. ஓரத்தில் பஞ்சுவின் முன்கால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, காலங்கார்த்தாலே இதையா பார்க்கிறீர்கள் என்றாள். நான் அதைப் பெரிதாக்கி இன்னொரு தடவை பார்த்தேன்.